பதவி உயர்வும் வருமான வரம்பும்

தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்து, 1920-களின் இறுதியில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் நிறுவிய நாள் முதலாக, அந்த ஊரில் ரயில்வே உத்தியோகம் என்பது மாதச் சம்பளத்தோடு முடிந்துவிடுகிற விஷயமாக இருந்ததில்லை. கலாசியாகச் சேர்ந்தவன் எந்தப் படிவரை ஏறுவான், குமாஸ்தாவாக நுழைந்தவர் எந்த நாற்காலியில் அமர்ந்து ஓய்வுபெறுவார் என்னும் கணக்குகளிலேயே பல குடும்பங்களின் அந்தஸ்தும், கல்யாண சம்பந்தங்களும், பிள்ளைகளின் படிப்பும் நிர்ணயமாயின. ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் அக்காலத்தில் இங்கிலீஷ் படித்த இளைஞர்கள் கணக்கு ஆபீஸுக்கும் நிர்வாக ஆபீஸுக்கும் போனார்கள். அதே ஸ்தாபனத்தில் தண்டவாளத்தின் மேலும் கொதிகலனின் முன்னும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வேறு தெருக்களிலிருந்து, வேறு சேரிகளிலிருந்து வந்தவர்கள். 1951 ஏப்ரலில் அந்தக் கம்பெனி ரயில்வே, தெற்கு ரயில்வே என்ற புதிய அமைப்பில் கலந்து, தலைமை அலுவலகம் சென்னைக்குப் போய்விட்டபோதிலும், ஏணியின் எந்தப் படியில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி திருச்சியை விட்டுப் போகவில்லை.

அந்தக் கேள்வி தேசத்தின் உச்ச நீதிமன்றத்துக்கு முதன்முதலாகச் சென்றதும் தெற்கு ரயில்வேயின் வழியாகவேதான் என்பதை இன்று நினைவுகூர்பவர்கள் சிலரே. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வேலையில் சேரும்போது மட்டுமன்றி, தேர்வு செய்து நிரப்பப்படும் மேல்படிப் பதவிகளிலும் இடம் ஒதுக்க வேண்டும் என்று ரயில்வே போர்டு 1959-ஆம் வருஷம் சுற்றறிக்கைகள் அனுப்பியது. தெற்கு ரயில்வேயில் கோர்ட் இன்ஸ்பெக்டராக இருந்த கே. ரங்காச்சாரி அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வெற்றியும் பெற்றார். ஆனால் ரயில்வேயின் ஜெனரல் மானேஜர் மேல்முறையீடு செய்ய, 1961 ஏப்ரல் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மூவர் ஒருபக்கமும் இருவர் மறுபக்கமுமாகப் பிரிந்து, அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு சொல்லும் ஒதுக்கீடு பதவி உயர்வுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கஜேந்திரகட்கர். கீழ்ப்படியில் நூறு பேரைச் சேர்த்துவிட்டு மேல்படிக்கு ஒருவரையும் விடாமலிருந்தால் அதற்குப் பெயர் பிரதிநிதித்துவம் அன்று என்பதே அந்தத் தீர்ப்பின் உட்கிடை என்று நான் கொள்கிறேன்.

முப்பது வருஷங்களுக்கு மேல் நிலைத்திருந்த அந்தத் தீர்ப்பை, மண்டல் வழக்கு என்று எல்லாரும் அறிந்த இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1992 நவம்பர் 16-ஆம் தேதி கவிழ்த்தது. ஒதுக்கீடு முதல் நியமனத்தோடு நின்றுவிட வேண்டும், ஏற்கெனவே இருக்கும் பதவி உயர்வு ஒதுக்கீடு இன்னும் ஐந்து வருஷம் நீடிக்கலாம் என்று அது விதித்தது. பாராளுமன்றம் வாளாவிருக்கவில்லை. 1995-இல் 77-ஆவது திருத்தத்தின் மூலம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் அந்த உரிமையை மீட்டுக் கொடுத்தது. அவ்வாறு முன்னதாக உயர்வு பெற்றவர் மேல்படியிலும் தம் பணிமூப்பை வைத்துக்கொள்ளலாமா, பின்னால் வந்து சேரும் பழைய சீனியருக்கு வழிவிட வேண்டுமா என்று ரயில்வே கார்டுகளின் வழக்கொன்றில் எழுந்த சிக்கலை, 2001-இல் 85-ஆவது திருத்தம், வைத்துக்கொள்ளலாம் என்று தீர்த்துவைத்தது. ஆகவே வாசகர் மனத்தில் கொள்ளவேண்டியது இது: பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மத்திய சர்க்காரில் பதவி உயர்வில் ஒதுக்கீடு கிடையாது, அது பட்டியல் சாதியினருக்கு 15 சதவிகிதமாகவும் பழங்குடியினருக்கு 7.5 சதவிகிதமாகவும் மட்டுமே உண்டு. பதவி உயர்வில் வருமான வரம்பு வைக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால், அது அவ்விரு மக்களைப் பற்றிய பேச்சேயாகும்.

வருமான வரம்பு என்னும் கருத்து எங்கிருந்து வந்தது? பத்திரிகைகள் கிரீமிலேயர் என்று எழுதிவரும் அந்தச் சொல் நீதிமன்ற வழக்கில் ஏறியதும் ஒரு பதவி உயர்வு வழக்கிலேதான். கேரளத்தில் பதிவுத் துறைக் குமாஸ்தாவான என்.எம். தாமஸ் தொடுத்த வழக்கு அது. இலாகாத் தேர்வில் தேறாத பட்டியல் வகுப்பு ஊழியர்களுக்கு அவகாசம் கொடுத்து மேல்படிக்கு உயர்த்தும் விதியின் பயனாக, 1972-இல் காலியான 51 இடங்களில் 34 அவர்களுக்குச் சென்றன. 1975-இல் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்த நீதிபதிகளுள் ஒருவரான வி.ஆர். கிருஷ்ணய்யர், ஒதுக்கீட்டை முழுமனத்தோடு ஆதரித்துக்கொண்டே, அதன் பலனைப் பின்தங்கியோருள் மேலே மிதக்கும் சிலரே அள்ளிக்கொண்டு போய்விடக்கூடும் என்ற அச்சத்தையும் வெளியிட்டார். எதிரியின் வாயிலிருந்து வராமல் நண்பரின் வாயிலிருந்து வந்ததனால் அந்த அச்சத்துக்கு இன்றுவரை ஒரு கனம் இருக்கிறது.

1992 தீர்ப்பு அந்த அச்சத்தைப் பிற்படுத்தப்பட்டோர் விஷயத்தில் சட்டமாக்கியது. 1993 செப்டம்பர் 8-ஆம் தேதி உத்தரவின்படி வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாயாகத் தொடங்கிய வரம்பு, படிப்படியாக உயர்ந்து 2017-இல் 8 லட்சமாயிற்று. பலரும் நினைப்பதுபோல அது விண்ணப்பதாரரின் வருமானத்தைக் கேட்பதில்லை. தாய் தந்தையரின் நிலையைத்தான் கேட்கிறது. தந்தையோ தாயோ ‘ஏ’ பிரிவு உத்தியோகத்தில் நேரடியாக நியமனம் பெற்றவராயிருந்தால் பிள்ளைக்கு ஒதுக்கீடு இல்லை. அவ்வாறு இல்லாதவர்களுக்கு, மூன்று வருஷம் தொடர்ந்து வரம்புக்கு மேற்பட்ட வருமானம் உண்டா என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் சம்பளத்தையும் நிலவருவாயையும் சேர்ப்பதில்லை.

ஸ்ரீரங்கம் வட்டாட்சியர் அலுவலகத்திலோ அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ ஆள்தேர்வுக் காலத்தில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு இதன் விநோதம் விளங்கும். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரே பையன், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் ஒன்றும், திருவெறும்பூர் பெல் தொழிற்சாலைக்கோ ரயில்வேக்கோ விண்ணப்பிக்க ‘கிரீமிலேயர் அல்லாதவர்’ என்ற சான்றிதழ் வேறொன்றும் கேட்டு நிற்கிறான். முதலாவதற்குத் தகப்பனாரின் வருமானம் வேண்டியதில்லை. இரண்டாவதற்கு அதற்கான ஆதாரங்களோடு வந்தாக வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரே வரிசையில் நிற்கும் ஒரே பையனை, மாநில சர்க்கார் ஒரு கோலாலும் மத்திய சர்க்கார் மற்றொரு கோலாலும் அளக்கின்றன.

தமிழ்நாடு இந்தக் கோலை ஏன் ஏற்கவில்லை என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1970-இல் அறிக்கை தந்த சட்டநாதன் கமிஷன், பிற்படுத்தப்பட்டோருள்ளும் முன்னேறிவிட்ட சில சாதியினரே பலனில் பெரும்பங்கைப் பெறுவதைக் கண்டு, வசதி படைத்தவர்களை விலக்கலாம் என்று சிபாரிசு செய்தது. தலைவர் ஏ.என். சட்டநாதன் தாமே பிற்பட்ட வகுப்பில் பிறந்து உழைப்பால் உயர்ந்தவர். அவர் அபிப்பிராயத்தை எவரும் துவேஷம் என்று தள்ளிவிட முடியாது. அன்றைய சர்க்கார் அச்சிபாரிசை ஏற்கவில்லை. பின்னர் முதலமைச்சர் எம்.ஜி. ராமச்சந்திரன் 1979 ஜூலையில், வருஷத்துக்கு 9,000 ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்குச் சலுகை இல்லை என்று ஆணை பிறப்பித்தார். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் ஊர் ஊராக எதிர்த்தன. 1980 ஜனவரியில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 39 இடங்களில் இரண்டே கிடைத்தன. மக்களிடையே அதுவரை தோல்வியே கண்டறியாத அந்தத் தலைவர் ஆணையைத் திரும்பப் பெற்றதோடு நில்லாமல், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 சதவிகிதத்திலிருந்து 50 சதவிகிதமாகவும் உயர்த்தினார். அந்த உயர்வின் மேல் எழுந்த 69 சதவிகிதத்தை 1993-இல் சட்டமாக்கி, மறுவருஷம் 76-ஆவது திருத்தத்தின் வழியே அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறச் செய்தவர், பின்னாளில் ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய ஜெயலலிதா. தேர்தல் பயத்தால் விளைந்த முடிவு என்று இதைச் சிலர் இகழ்வதுண்டு. ஜனநாயகத்தில் மக்கள் தங்கள் அநுபவத்தை ஓட்டின் மூலம் சொல்வதில் இழிவு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் பிற்படுத்தப்பட்டோரைப் பற்றியது. பட்டியல் சாதியினரின் பதவி உயர்வுக்கு இந்தக் கோல் வந்து சேர்ந்தது மெல்ல மெல்லத்தான். 2006 அக்டோபரில் நாகராஜ் வழக்கின் தீர்ப்பு, மேற்சொன்ன திருத்தங்கள் செல்லும் என்று ஒப்புக்கொண்டு, நிபந்தனைகளோடு கிரீமிலேயரையும் குறிப்பிட்டது. 2018 செப்டம்பரில் ஜர்னைல் சிங் வழக்கில், பின்தங்கிய நிலைக்குத் தனியே புள்ளிவிவரம் வேண்டியதில்லை என்று சொன்ன ஐந்து நீதிபதிகள், கிரீமிலேயரை விலக்கும் கொள்கையை நீதிமன்றங்கள் பட்டியல் வகுப்பினருக்கும் பிரயோகிக்கலாம் என்றார்கள். 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி, உள் ஒதுக்கீடு பற்றிய பஞ்சாப் வழக்கில் ஏழு நீதிபதிகளுள் நால்வர், பட்டியல் வகுப்பினருள்ளும் முன்னேறியோரை அடையாளம் காணவேண்டும் என்று எழுதினர். அவர்களுள் ஒருவரான பி.ஆர். கவாய் தாமே பட்டியல் சாதிக் குடும்பத்தில் பிறந்தவர். பிற்படுத்தப்பட்டோருக்குரிய அளவுகோலே இவர்களுக்கும் இருக்கவேண்டும் என்பதில்லை என்றும் அவர் சேர்த்து எழுதினார். ஒரு வாரம் கழிந்து மத்திய அமைச்சரவை கூடி, சாசனத்தில் பட்டியல் வகுப்பினருக்குக் கிரீமிலேயர் என்பதற்கு இடமில்லை என்று அறிவித்தது. ஆக, நீதிபதிகள் வரம்பு வேண்டும் என்கிறார்கள். சர்க்கார் வேண்டாம் என்கிறது. எந்த வரம்பு என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

எழுதிப் பார்ப்போமே. பொன்மலைப் பணிமனையில் ஜூனியர் இன்ஜினீயராகச் சேர்ந்த ஒரு பட்டியல் சாதி இளைஞரை எடுத்துக்கொள்வோம். ஏழாவது ஊதியக் குழுவின்படி அவருடைய தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். ஒன்பது வருஷாந்தர உயர்வுகள் பெற்றபின் அது 46,200 ஆகிறது. 2024-ஆம் வருஷத் தொடக்கத்தில் இருந்த 50 சதவிகித அகவிலைப்படியைக் கூட்டினால் மாதம் 69,300; வருஷத்துக்கு 8,31,600. அடுத்த படியான சீனியர் செக்ஷன் இன்ஜினீயர் பதவியின் தொடக்கச் சம்பளம் 44,900-தான். அதாவது, அந்தப் படிக்காகப் பத்து வருஷம் காத்திருந்த மனிதரின் சொந்தச் சம்பளத்தைக் கணக்கிட்டால், ஒதுக்கீட்டில் உயர்வு கேட்கும் நேரத்தில் அவர் 8 லட்சத்தைத் தாண்டிய ‘வசதி படைத்தவர்’ ஆகிவிடுகிறார். அதற்கு மேற்பட்ட படிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உதவி அதிகாரி, துணை அதிகாரி என்று மேலே போகப் போக, ஒதுக்கீட்டுக்கு உரியவர் யாருமே வரம்புக்குள் இருக்கமாட்டார், இடம் காலியாகும், சில காலம் பின்னடைவுக் காலியிடமாகக் கிடக்கும், பிறகு ஏதோ ஒரு உத்தரவினால் பொதுவில் கரைந்துபோகும். பதவி உயர்வுக்குத் தகுதியாக நாம் கேட்கும் அநுபவமே அவரைத் தகுதியற்றவராக்கிவிடும் என்றால், அந்த விதியை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால், பிற்படுத்தப்பட்டோர் விஷயத்தில் செய்வதுபோலப் பெற்றோரின் நிலையைப் பார்க்கலாமே என்பார்கள். ஐம்பது வயதைத் தொட்டு, பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஊழியரிடம், காலமாகிவிட்ட தகப்பனார் முப்பது வருஷத்துக்கு முன் என்ன உத்தியோகம் பார்த்தார், என்ன சம்பாதித்தார் என்று கேட்டு அவருடைய பதவி உயர்வை நிர்ணயிப்பது, கேட்கும்போதே பொருந்தாத காரியமாக இல்லையா? முதல் நியமனத்தில் அந்தக் கேள்விக்கு ஓரளவு பொருள் உண்டு. ஏனெனில் பையன் அப்போதுதான் வீட்டை விட்டு வெளியே வருகிறான், வீடு கொடுத்த படிப்பும் பயிற்சியும் அவனோடு வருகின்றன. உத்தியோகத்தில் இருபது வருஷம் கழித்தவருக்கு அவருடைய வேலையே வரலாறு. எந்த வழியாகப் பார்த்தாலும் இந்தக் கோல் பதவி உயர்வு என்னும் வாசலில் அளக்க உதவவில்லை என்பதே என் முடிவு.

ஆயினும் மறுபக்கத்தின் மனக்குறையைக் கேளாமல் விடுவது தர்மமன்று. “நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் இன்றைக்கு எனக்கு ஆபீஸர்” என்று ஓய்வுபெறும் தறுவாயில் சொல்லும் ஊழியர்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் உண்டு. அவர்களில் பலர் வசதி படைத்தவர்கள் அல்லர். கோவில் மானியமும் குடும்ப நிலமும் போனபின் ஒரு சம்பளத்தில் பெரிய குடும்பத்தைத் தாங்கியவர்கள். அவர்களுடைய வருத்தம் உண்மையானது. “அப்பா கலெக்டர், பிள்ளைக்கு எதற்குச் சலுகை?” என்ற கேள்வியும் அந்த வருத்தத்திலிருந்தே பிறக்கிறது. ஆனால் கலெக்டரின் பிள்ளையை விலக்கினால் அந்த இடம் விதிப்படி இந்த ஊழியருக்கு வராது. பட்டியல் வகுப்பைச் சேர்ந்த வேறொருவருக்கே போகவேண்டும். அவருக்கு வருகிறதென்றால், வரம்பு என்ற பெயரால் ஒதுக்கீடே அழிந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லாமலிருக்க முடியாது. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார், அரங்கனைச் சேவிக்க அக்கரைக்கு வராமல் காவிரியின் தென்கரையிலேயே நின்று பாடினார் என்பதும், திருமஞ்சனத்துக்கு நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் அவரை விலகச் சொல்லிக் கல்லெறிந்து காயப்படுத்தினார் என்பதும், பின் அரங்கன் கட்டளையால் அவரையே தோளில் தூக்கிக்கொண்டு கோவிலுக்குள் சென்றார் என்பதும் வைஷ்ணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. ஆழ்வார் கையில் பொன் இருந்திருந்தால் அந்தக் கல் வந்திராது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒதுக்கீடு எந்தக் காயத்துக்காக ஏற்பட்டதோ அதற்கும் பணமுடைக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சம்பளம் ஏறியபின்னும், வாடகைக்கு வீடு தேடும்போது சாதி விசாரிக்கப்படுவதும், ரகசியக் குறிப்பேட்டில் மேலதிகாரியின் பேனா தயங்குவதும் நின்றுவிடுவதில்லை. பதவி உயர்வு என்பது அந்தப் பேனா யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியது. கீழே இருப்பவரின் விடுப்பையும் மாறுதலையும் தண்டனையையும் தீர்மானிக்கும் நாற்காலியில் எல்லாச் சமூகத்தாரும் அமரவேண்டும் என்பதற்காகவே அந்த ஒதுக்கீடு. வறுமை நிவாரணம் அதன் வேலை அன்று.

மாநில சர்க்காரின் நிலை இன்னும் வேறு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்குப் பதவி உயர்வில் ஒதுக்கீடு என்று வெளிப்படையாக இல்லை. முதல் நியமனத்தின்போது பின்பற்றும் இனச்சுழற்சி வரிசையையே பணிமூப்பாகவும் வைத்துக்கொண்டு, அந்த வரிசைப்படி உயர்வு கொடுத்து வந்தார்கள். அந்த முறையைச் சட்டமாக்கிய 2016-ஆம் வருஷத்து அரசு ஊழியர் சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் செல்லாதவை என்றது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. தேர்வில் எடுத்த மதிப்பெண்ணே பணிமூப்பு என்றாகி, பழைய பட்டியல்களைத் திருத்தும் நிலை வந்தது. வருமான வரம்பு பற்றிப் பேசுமுன், உயர்வில் பிரதிநிதித்துவம் என்பதையே மாநிலம் புதிதாகக் கட்டவேண்டிய நிலையில் இருக்கிறது. சமூக நீதியில் முன்னோடி என்று பெயர் பெற்ற மாநிலத்துக்கு இது கௌரவமன்று.

கிருஷ்ணய்யர் பயந்தது வீண் பயமா என்றால், இல்லை. பட்டியல் சாதியினருள்ளும் முன்னே சென்றவர்களும் பின்னே நிற்பவர்களும் உண்டு. ஊரின் சாக்கடையையும் தெருவையும் தலைமுறைகளாகச் சுத்தம் செய்ய நிர்ப்பந்திக்கப்பட்ட அருந்ததியர், மாநிலத்தில் பட்டியல் சாதியினருக்கு உள்ள 18 சதவிகிதத்தில் தங்களுக்கு உரிய பங்கைப் பெறமுடியாமல் இருந்தார்கள். அதற்கு இம்மாநிலம் கண்ட பரிகாரம் வேறு. நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் தந்த அறிக்கையின் பேரில், 2009-ஆம் வருஷத்துச் சட்டம் 18-க்குள் 3 சதவிகிதத்தை அவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கியது. 2024 தீர்ப்பு அத்தகைய உள் ஒதுக்கீட்டை ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அங்கீகரித்தது. முன்னேறிய தனிமனிதர் ஒருவரைப் பிடித்து வெளியே தள்ளாமல், பின்தங்கிய சமூகத்துக்கு உள்ளே இடம் பிடித்துக் கொடுக்கிற முறை இது; தகுதியுள்ள அருந்ததியர் கிடைக்காதபோது அந்த இடம் மற்றப் பட்டியல் சாதியினருக்குச் செல்லும், வகுப்பை விட்டு வெளியே போகாது. சம்பளச் சீட்டைக் கொண்டு அளப்பதைவிட இது நேரான வழி என்று நான் நம்புகிறேன்.

இதைப் பதவி உயர்வுக்கும் கொண்டுபோவதற்கு ஒரு கணக்கு வேண்டும். 2022 ஜனவரி 28-ஆம் தேதி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், போதிய பிரதிநிதித்துவம் இருக்கிறதா என்பதைச் சர்வீஸ் முழுமைக்கும் மொத்தமாகப் பார்க்கக் கூடாது, ஒவ்வொரு பணிப்படிக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பொன்மலையில் டெக்னீஷியன் எத்தனை பேர், ஜூனியர் இன்ஜினீயர் எத்தனை பேர், சீனியர் செக்ஷன் இன்ஜினீயர் எத்தனை பேர், உதவி ஒர்க்ஸ் மானேஜர் எத்தனை பேர், அவர்களுள் பட்டியல் சாதியின் எந்தெந்தப் பிரிவினர் எவ்வளவு என்று சாதாரண ஜனங்கள் படிக்கும்படி வெளியிட்டால், யார் மேலே மிதக்கிறார்கள், யார் அடியில் தங்கிவிட்டார்கள் என்பதற்கு ஊகம் வேண்டியிராது. திருச்சி கலெக்டர் அலுவலகம் முதல் மாநகராட்சி வரை ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் அதே கணக்கை எடுக்க முடியும். சர்வீஸ் ரிஜிஸ்தர்கள் அங்கேயே இருக்கின்றன.